ஓடுகளமும் மொழிகளும் – 14: நகராத வாசல்

'ஜிப் எர்' என்று தொடங்கும் சிவப்பு வரிகள். 2012க்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் நோட்.ஜேஎஸ்ஸில் வேலை பார்த்தவர்களிடம் இந்த இரண்டு சொற்களைச் சொன்னாலே போதும், முகம் மாறிவிடும். ஒரு தொகுப்பை நிறுவ ஒரே ஒரு கட்டளை தட்டியிருப்பார்கள். திரை முழுக்க வரிகள் ஓடும். பைத்தானைக் காணோம் என்று நிற்கும். பைத்தானை நிறுவினால், இது மூன்றாம் பதிப்பு, எனக்கு இரண்டாம் பதிப்புதான் வேண்டும் என்று நிற்கும். அதையும் தந்தால் சி++ கம்பைலர் எங்கே என்று கேட்கும். விண்டோஸ் கணினியாக இருந்தால் விஷுவல் ஸ்டுடியோவைப் பதிவிறக்க வேண்டியதுதான். அன்றைய இணைய வேகத்தில் அது அரை நாள் வேலை.

நானும் அந்த வரிகளுக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது நான் இருந்த ஒரு சிறு நிறுவனத்தில் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யும் தொகுப்பு ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்த வேலை இரவு பத்து மணிக்குத்தான் முடிந்தது. நான் எழுதியது ஜாவாஸ்கிரிப்ட். பைத்தானும் சி++உம் இதற்குள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அன்று முதல் என்னோடு இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான விடை.

ரயன் டால் 2009 நவம்பரில் பெர்லின் மேடையொன்றில் நோட்டை அறிமுகப்படுத்தியதை முன்பே பார்த்தோம். உலாவிக்குள் அடைந்து கிடந்த ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வருக்குக் கொண்டுவந்தது அவர் செய்த வேலை. ஆனால் உலாவிக்கு வெளியே இருக்கும் உலகத்தில் பெரும்பகுதி சி மொழியிலும் சி++இலும் எழுதப்பட்டது. எஸ்கியூலைட் தரவுத்தளம் சி. படங்களைச் சிறிதாக்கும் லிப்விப்ஸ் சி. சீரியல் போர்ட்டில் செருகிய கருவியோடு பேச வேண்டுமென்றாலும் இயங்குதளத்தின் சி கதவைத்தான் தட்ட வேண்டும். இவற்றையெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்டில் திரும்ப எழுத யாருக்கும் ஆயுள் போதாது. எழுதினாலும் பல இடங்களில் வேகம் கிடைக்காது. ஆகவே ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து அழைக்கக்கூடிய, ஆனால் உள்ளே சி++ ஆக இருக்கிற ஒரு துண்டு தேவைப்பட்டது. அதற்கு 'நேட்டிவ் ஆட்ஆன்' என்று பெயர்.

அதில் மாயம் ஒன்றுமில்லை. லினக்ஸில் '.எஸ்ஓ' என்றும் விண்டோஸில் '.டிஎல்எல்' என்றும் முடிகிற அதே பகிர்வு லைப்ரரிதான், பெயரின் வால் மட்டும் '.நோட்' என்று மாறியிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைக் கேட்டதும் நோட் அதை நினைவகத்தில் ஏற்றி, உள்ளே இருக்கும் ஒரு தொடக்கச் செயற்கூறை அழைக்கும். அந்தச் செயற்கூறு, என்னிடம் இன்னின்ன இருக்கின்றன என்று ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒப்படைக்கும். ஒப்படைக்கும் அந்த இடம்தான் வாசல். வாசல் எப்படி அமைய வேண்டும் என்பதில்தான் பத்தாண்டுத் துயரமும் அதற்குப் பிறகு வந்த விடிவும் அடங்கியிருக்கின்றன.

நோட்டின் இதயம் வி8 எஞ்சின். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் லார்ஸ் பாக் தலைமையில் உருவாகி, 2008 செப்டம்பரில் குரோம் உலாவியோடு வெளிவந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரோமுக்குள் வி8உம் அதைப் பயன்படுத்தும் நிரலும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் கம்பைல் ஆகின்றன. வி8 குழு ஒரு செயற்கூறின் வடிவத்தை மாற்றினால், குரோமில் அதை அழைக்கும் இடங்களையும் கையோடு மாற்றிவிடலாம். வெளியே யாரோ ஒருவர் தன் ஆட்ஆனில் அதே செயற்கூறை நம்பியிருக்கிறார் என்பது அவர்கள் கணக்கில் வராது, வர வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர்கள் கவனம் உலாவியின் வேகத்தில் இருந்தது. நோட்டோ தன் ஆட்ஆன் எழுத்தாளர்களிடம், வி8இன் சி++ இடைமுகத்தையே நேராகத் தொட்டு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் தினமும் இடித்துக் கட்டுகிற சுவரில் ஊரார் ஆணி அடித்த கதை இது. வீட்டுக்காரர் மேலும் குற்றமில்லை, ஆணி அடித்தவர் மேலும் குற்றமில்லை. இங்கே அடிக்கலாம் என்று காட்டியதுதான் பிழை.

வி8இன் வாசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர் நினைவகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வேண்டாத பொருள்களைக் கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போகிறது. அது அள்ளுவதோடு நிற்பதில்லை. உயிரோடு இருக்கும் பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தியும் வைக்கும். அதனால் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பொருளின் நினைவக முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு சி++ பக்கம் நிம்மதியாக இருக்க முடியாது. அடிக்கடி வாடகை வீடு மாறும் நண்பரைத் தேட வேண்டுமென்றால், அவர் வீட்டு விலாசத்தை அல்ல, தெருமுனைக் கடைக்காரரின் விலாசத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரருக்கு இன்றைய வீடு தெரிந்திருக்கும். வி8இல் அந்தக் கடைக்காரருக்கு 'ஹேண்டில்' என்று பெயர். ஹேண்டில்களை 'ஹேண்டில் ஸ்கோப்' என்ற அடைப்புக்குள் வைப்பார்கள். அடைப்பு மூடியதும் அதிலுள்ள ஹேண்டில்கள் செத்துவிடும். செத்த ஹேண்டிலைத் தவறிப்போய் வெளியே எடுத்துச் சென்று பயன்படுத்தினால் சி++ கம்பைலர் வாயைத் திறக்காது. நிரல் பத்து நாள் நன்றாக ஓடும். பதினோராம் நாள் நள்ளிரவில் சர்வர் முழுவதும் விழும். ஜாவாஸ்கிரிப்ட் பிழை என்றால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று சொல்லிவிட்டுப் போகும். இது எதுவும் சொல்லாது.

இப்போது 2013க்கு வருவோம். நோட்டின் 0.11 சோதனை வரிசை புதிய வி8ஐ ஏற்றுக்கொண்டபோது ஆட்ஆன்களின் அடித்தளமே பெயர்ந்தது. அதுவரை ஆட்ஆன் செயற்கூறு தன் விடையை நேராகத் திருப்பித் தரும். புதிய ஏற்பாட்டில் எதையும் திருப்பித் தரக் கூடாது, தரப்பட்ட ஒரு பெட்டியில் விடையைப் போட்டுவிட்டு வர வேண்டும். கிட்டத்தட்ட எல்லா அழைப்பிலும் எஞ்சினின் எந்தப் பிரதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் இருந்த அத்தனை ஆட்ஆன்களும் உடைந்தன. பழைய 0.10க்கும் புதிய பதிப்புக்கும் ஒரே நிரல் ஓட வேண்டுமென்றால் பக்கத்துக்குப் பக்கம் 'இந்தப் பதிப்பானால் இப்படி, அந்தப் பதிப்பானால் அப்படி' என்று எழுத வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியாவின் ராட் வேக் அப்போது லெவல்டிபி தரவுத்தளத்துக்கான நோட் ஆட்ஆனைப் பராமரித்துக்கொண்டிருந்தார். தன் வேலைக்காக அவர் எழுதிக்கொண்ட மேக்ரோக்களைத் தனியே பிரித்து 'நான்' என்று பெயர் வைத்து வெளியிட்டார். நோட்டுக்கான நேட்டிவ் சுருக்கங்கள் என்பதன் முதலெழுத்துகள். வி8 எப்படி மாறினாலும் நிரலாளர் ஒரே மாதிரி எழுதலாம். மாற்றத்தை மேக்ரோக்கள் விழுங்கிக்கொள்ளும். அந்த ஆண்டுகளில் நோட் உலகத்தைத் தாங்கிப் பிடித்தது இந்தச் சிறு தலைப்புக் கோப்பு என்றே சொல்வேன். ஆனால் அது காப்பாற்றியது எழுதிய நிரலை மட்டும்தான். கம்பைல் செய்து முடித்த கோப்பை அதனால் காப்பாற்ற முடியவில்லை. நோட்டின் பெரும் பதிப்பு மாறினால் ஒவ்வொரு ஆட்ஆனையும் மறுபடி கம்பைல் செய்தே ஆக வேண்டும்.

இதற்காக நோட் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஒரு எண் வைத்திருந்தது. நோட் 4க்கு 46, நோட் 6க்கு 48, நோட் 8க்கு 57, நோட் 10க்கு 64. ஆட்ஆன் கோப்பில் பதிந்த எண்ணும் ஓடுகிற நோட்டின் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆட்ஆன் எழுதுபவர் பயனர்களின் தொல்லையைக் குறைக்க முன்கூட்டியே கம்பைல் செய்து வைக்கலாம் என்று நினைத்தால், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும், ஒவ்வொன்றிலும் செயலி வகைக்கும், அதற்குள் நோட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும், இவை போதாதென்று, நோட்டை உள்ளே வைத்து மேசைக்கணினிச் செயலிகளைக் கட்டும் எலக்ட்ரானின் தனிப் பதிப்புகளுக்கும் கோப்புகளைத் தயாரிக்க வேண்டும். இந்தத் தொகுப்புகளை ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் பராமரித்தவர்கள் பலர். நோட்டின் புதிய பதிப்பு வருகிறதென்றால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம், அவர்களுக்கு மாதக்கணக்கில் புகார்க் கடிதம். சாஸ் நடைதாள்களை மாற்றித்தரும் 'நோட்-சாஸ்' இதில் பெயர்போனது. அது தயாராகவில்லை என்பதற்காகவே நோட்டைப் புதுப்பிக்காமல் தள்ளிப்போட்ட அலுவலகங்கள் இருந்தன. பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு சேர்ந்து தள்ளிப்போயின. நான் இதைச் சிறு குறையாகப் பார்க்கவில்லை.

பைத்தான் எப்படி வந்தது என்ற என் பழைய கேள்விக்கு விடை ஒரு வரிதான். குரோம் குழு தன் கட்டுமான வேலைக்காகப் பைத்தானில் எழுதிய கருவி ஜிப். (கோப்புகளைச் சுருக்கும் ஜிப் வேறு.) வி8 அதைக் கொண்டு கட்டப்பட்டதால் நோட்டும் எடுத்துக்கொண்டது. ஆட்ஆன்களுக்காக அதைச் சுற்றி நேதன் ராய்லிக் எழுதிய 'நோட்-ஜிப்' 2012இல் நோட் 0.8 காலத்தில் பழைய வாஃப் கருவியின் இடத்தைப் பிடித்தது. பிறகு குரோம் ஜிப்பைக் கைவிட்டு ஜிஎன் என்ற வேறு கருவிக்குப் போய்விட்டது. நோட் மட்டும் ஜிப்போடு நின்றுவிட்டது.

விடிவு வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் எட்ஜ் உலாவியின் சக்ரா எஞ்சினைத் திறந்த மூலமாக்கியது. வி8 இருக்கும் இடத்தில் சக்ராவை வைத்தும் நோட் ஓட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஆட்ஆன்கள் குறுக்கே நின்றன. அவையெல்லாம் வி8இன் பெயரைச் சொல்லியே எழுதப்பட்டிருந்தன. ஐபிஎம்முக்கு வேறு கவலை. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பெரிய நிறுவனங்கள். பதிப்பு மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. இன்டெலும் சேர்ந்துகொண்டது. ஐபிஎம்மின் மைக்கேல் டாசன், இன்டெலின் கேப்ரியல் ஷுல்ஹோஃப், மைக்ரோசாஃப்ட்டின் ஜேசன் ஜின்செரோ, அருணேஷ் சந்திரா ஆகியோரும் இன்னும் சிலரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் நிறுவனங்களின் ஆட்கள் இவர்கள்.

அவர்கள் வடித்த இடைமுகத்துக்கு என்-ஏபிஐ என்று பெயர். 2017 மே 30 அன்று வெளியான நோட் 8இல் சோதனை நிலையில் வந்தது. தனிக் கொடி கொடுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் நோட் 10இல் உறுதியான பகுதியானது. இப்போது அதை நோட்-ஏபிஐ என்கிறோம். அந்தப் பெயர் 2021இல் வந்தது.

அதன் அழகு அது எதைக் காட்டவில்லை என்பதில் இருக்கிறது. ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மதிப்பு உள்ளே எப்படி இருக்கும் என்று ஆட்ஆனுக்குத் தெரியாது. கையில் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டும். கோவில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கனைப் போல. எந்த அலமாரியில், எந்தத் தட்டில் வைத்தார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. டோக்கனைக் கொடுத்து, இதிலுள்ள எண்ணைத் தா, இந்தப் பொருளில் இந்தப் பண்பை வை, இந்தச் செயற்கூறை அழை என்று கேட்கலாம். ஒவ்வொரு அழைப்பும் வெற்றியா தோல்வியா என்று ஒரு நிலைக்குறியைத் திருப்பித் தரும். எஞ்சின் உள்ளே தலைகீழாக மாறினாலும் டோக்கன் டோக்கன்தான். புதிய செயற்கூறுகளைச் சேர்ப்போம், இருப்பதை நீக்கவும் மாட்டோம் மாற்றவும் மாட்டோம் என்பது அதோடு வந்த வாக்குறுதி.

இன்னொரு முடிவுதான் இந்த அத்தியாயத்தின் திருப்பம். நோட்டும் வி8உம் சி++ ஆக இருந்தும் இந்த வாசலை அவர்கள் சி மொழியில் வைத்தார்கள். காரணம் எளிது. சி++ கம்பைலர்கள் ஒவ்வொன்றும் செயற்கூறின் பெயரைத் தன் போக்கில் திரித்து எழுதும், பொருள்களை நினைவகத்தில் தன் போக்கில் அடுக்கும். ஒரு கம்பைலரில் கட்டியதை இன்னொன்றில் கட்டியதோடு ஒட்டவைக்க உத்தரவாதம் கிடையாது. சி மொழியில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு இயங்குதளத்திலும் சி அழைப்பு எப்படி நடக்கும் என்பது பல்லாண்டுகளாக நிலைத்துப்போன சம்பிரதாயம். அதனால் சி பேசத் தெரிந்த எந்த மொழியும் இந்த வாசலில் நுழையலாம் என்று ஆயிற்று. அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் இதைத்தான் முதன்மையாக நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பதிப்புகளும் எஞ்சின்களும் பிரச்சினை. கட்டிய வாசல் அவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாக அமைந்துவிட்டது.

2018 டிசம்பர் 6 அன்று மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. சக்ராவின் கதை அதோடு ஓய்ந்தது, சக்ராவில் ஓடும் நோட் என்ற முயற்சியும் நின்றது. யாருக்காக வாசல் திறக்கப்பட்டதோ அவர் வரவே இல்லை. ஆனால் வாசல் திறந்தே இருந்தது.

அதன் வழியே வந்தது ரஸ்ட்.

மொசில்லாவில் வேலை பார்த்த கிரேடன் ஹோர் 2006இல் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கிய மொழி அது. பிறகு மொசில்லா அதை ஏற்று வளர்த்தது; 2015 மே 15 அன்று 1.0 பதிப்பு வெளியானது. அதன் மையக் கருத்தை நம் ஊர் நில வழக்கிலேயே சொல்லிவிடலாம். நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவர் பேரில்தான் பட்டா. அவர் அதைக் குத்தகைக்கு விடலாம். பார்த்துவிட்டுப் போகிற குத்தகை என்றால் பலருக்கு விடலாம். உழுது மாற்றுகிற குத்தகை என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். குத்தகை நடக்கும்போது பட்டாதாரர் நிலத்தை வேறு பேருக்கு எழுதித்தர முடியாது. குத்தகைக் காலத்துக்கு ரஸ்டில் 'லைஃப்டைம்' என்று பெயர். இந்த விதிகளை மீறினால் நிரல் கம்பைலே ஆகாது. கார்பேஜ் கலெக்டர் தேவையில்லை. பட்டாதாரர் மறைந்ததும் நிலம் தானே விடுவிக்கப்படும்.

மொசில்லா ஆய்வுப் பிரிவில் இருந்த டேவ் ஹெர்மனுக்கு இரண்டு கரையும் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்தை வகுக்கும் குழுவில் இருந்தவர், அந்த மொழியைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ரஸ்ட் வளர்ந்த வீட்டிலேயே இருந்தவர். 2015 டிசம்பரில் அவர் நியான் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். நோட் ஆட்ஆன்களை ரஸ்டில் எழுத அது வழிசெய்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பலர் நேட்டிவ் பக்கமே போகாததற்குக் காரணம் திறமையின்மை அல்ல, ஒரு சின்னத் தவறில் சர்வரே விழுந்துவிடும் என்ற பயம். ரஸ்ட் அந்தப் பயத்தைத் தொட்டது.

முன்பு பார்த்த ஹேண்டில் கதையை இங்கே திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு மூடிய பிறகும் செத்த ஹேண்டிலைக் கையில் வைத்திருக்கும் தவறு. நியானில் ஒவ்வொரு ஹேண்டிலும் தன் குத்தகைக் காலத்தைத் தன் வகையிலேயே எழுதி வைத்திருக்கிறது. அடைப்பின் ஆயுளைத் தாண்டி அதை எடுத்துச் செல்லப் பார்த்தால் கம்பைலர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். வேறொரு திரெட்டுக்கு ஹேண்டிலை அனுப்பப் பார்த்தாலும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட் பொருளை அதற்குரிய ஒரே திரெட்டில்தான் தொட வேண்டும் என்பது சி++ உலகில் ஆவணத்தில் எழுதிய அறிவுரை. ரஸ்டில் அது சட்டம். பதினோராம் நாள் நள்ளிரவில் வெடித்தது, முதல் நாள் காலையில் நிரலாளரின் மேசையிலேயே பிடிபடுகிறது. எனக்கு ரஸ்டின் வேகத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் தொடக்க கால நியான் பரவலாக ஊன்றவில்லை. அடியில் அது வி8இன் சி++ வாசலையே பயன்படுத்தியது. நடுவே ஒரு மெல்லிய சி++ பசை, அதைக் கட்ட அதே நோட்-ஜிப். நோட் புதிய பதிப்பு வந்தால் அதே உடைசல். ரஸ்ட் எவ்வளவு உறுதியான மொழியாக இருந்தால் என்ன, கால் வைத்த படி ஆடிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகள் கழித்து நியான் தன் அடித்தளத்தை நோட்-ஏபிஐக்கு மாற்றியது. பசை போயிற்று, ஜிப் போயிற்று, பைத்தான் போயிற்று. ரஸ்டுக்கே உரிய கார்கோ கருவி ஒன்றே கட்டி முடித்துவிடும். சிக்னல் செயலியின் மறையாக்க நூலகம் ரஸ்டில் எழுதப்பட்டது. அதன் நோட் வாசல் இந்த நியான் வழியாகத்தான்.

முதல் நாளிலிருந்தே நோட்-ஏபிஐயின் மேல் எழுந்த இன்னொரு கருவி நாபி-ஆர்எஸ். சீன நிரலாளர் லோங் யீனான் முன்னின்று வளர்த்தது. ரஸ்ட் செயற்கூறின் தலையில் ஒரு சிறு குறிப்பு வைத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்குத் தேவையான ஒட்டுவேலையை அது தானே எழுதிக்கொள்ளும், டைப்ஸ்கிரிப்ட் வகைக் கோப்பையும் தந்துவிடும். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் செயலிக்கும் தனித்தனித் தொகுப்பாகக் கம்பைல் செய்து வைத்து, நிறுவும் கணினிக்கு உரியதை மட்டும் இறக்கிக்கொள்ளும் முறையையும் அது பழக்கமாக்கியது. நோட் பதிப்பு என்ற பரிமாணமே அட்டவணையிலிருந்து காணாமல் போனது. நிறுவுகிறவர் கணினியில் கம்பைலர் வேண்டாம். அவர் இறக்கியது ரஸ்ட் என்றே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

தென்கொரிய இளைஞர் தோங்யூன் காங் ரஸ்டில் எழுதிய எஸ்டபிள்யூசி என்ற ஜாவாஸ்கிரிப்ட் கம்பைலர் முதலில் நியானில் இருந்து பின்னர் நாபி-ஆர்எஸ்ஸுக்கு வந்தது. 2021 அக்டோபர் 26 அன்று வெர்சல் நிறுவனம் தன் இணையச் செயலிக் கட்டமைப்பான நெக்ஸ்ட்.ஜேஎஸ் 12ஐ வெளியிட்டபோது, ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே எழுதிய பழைய கம்பைலரான பேபலின் இடத்தில் அதை அமர்த்தியது. கட்டுமானம் சுமார் 5 மடங்கு வேகம் என்று அறிவித்தார்கள். 2023 அக்டோபரில், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவியான ரோலப் 4 தன் பகுப்பானை ரஸ்டுக்கு மாற்றியது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான கருவிகளை ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே எழுதுவது என்ற பழைய வழக்கம் இந்த ஆண்டுகளில் தளர்ந்தது. இது எல்லாருக்கும் நல்லதா என்பதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. பேபலின் உள்ளே ஒரு பிழை என்றால் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த எவரும் திறந்து பார்த்துத் திருத்தலாம். ரஸ்டில் எழுதிய கருவியைத் திருத்த ரஸ்ட் தெரிந்திருக்க வேண்டும். பயன்படுத்துபவருக்கும் செய்பவருக்கும் நடுவே ஒரு மதில் எழுந்திருக்கிறது.

வாசலைக் கடப்பதற்குச் சுங்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதுவது நேர்மையாகாது. வி8 தன் சரங்களை லத்தீன்-1 ஆகவோ யுடிஎஃப்-16 ஆகவோ வைத்திருக்கிறது. ரஸ்டில் சரம் என்றால் யுடிஎஃப்-8. ஒவ்வொரு சரமும் கடக்கும்போது நகலெடுத்து உருமாற்றப்பட வேண்டும். பொருள்களின் பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கம். இரண்டு எண்களைக் கூட்ட ரஸ்டைக் கூப்பிட்டால் போய்வரும் செலவே கூட்டலை விழுங்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அதைவிட வேகமாகக் கூட்டிவிட்டுப் போகும். பெரிய வேலையை ஒரே முறை கொடுத்து, விடையை ஒரே முறை வாங்கினால்தான் லாபம். ரோலப் 4இல் ரஸ்ட் கட்டிய தொடரமைப்பு மரம் கிளை கிளையாக அல்லாமல், பைட்டுகளின் ஒரே கட்டாக ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வருவது இதனால்தான்.

நீண்ட வேலையை நோட்டின் முதன்மைத் திரெட்டிலேயே செய்தால் அதுவரை சர்வர் வேறு யாருக்கும் பதில் சொல்லாது என்பதும் நினைவிருக்க வேண்டும். அதற்காக நோட்டின் அடியில் இருக்கும் லிப்யூவி நூலகம் வைத்திருக்கும் வேலைத் திரெட்டுகள் இயல்பாக 4. அவற்றில் ஒன்றிடம் வேலையை ஒப்படைத்து, முடிந்ததும் முதன்மைத் திரெட்டுக்குத் திரும்பி விடையைச் சொல்லும் வழியை நோட்-ஏபிஐயே தருகிறது. ரஸ்ட் இந்த இடத்திலும் திரெட்டுகளுக்கிடையே எதைக் கடத்தலாம், எதைக் கூடாது என்று காவல் காக்கிறது. ஆனால் வாசல் அடியில் சி தான். அந்தச் சி அழைப்புகளை ரஸ்ட் 'பாதுகாப்பற்றது' என்று குறியிட்ட பகுதிக்குள்தான் செய்ய முடியும். அங்கே கம்பைலர் கண்ணை மூடிக்கொள்கிறது. நியானையும் நாபி-ஆர்எஸ்ஸையும் எழுதியவர்களின் கவனத்தைத்தான் நாம் நம்புகிறோம். ரஸ்டில் எழுதினால் ஆட்ஆன் விழவே விழாது என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரயன் டாலிடம் திரும்புவோம். 2018 ஜூனில் அதே பெர்லினில், அதே மாநாட்டு மேடையில், நோட்டில் தான் வருந்தும் பத்து விஷயங்களைப் பட்டியலிட்டார். ஜிப்போடு தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது நோட் மையக்குழுவின் மிகப் பெரிய தோல்வியாக இருக்கலாம் என்றார். ஆட்ஆன் எழுதுபவர்களை வி8 பக்கம் அனுப்பியதற்குப் பதிலாக, சி லைப்ரரிகளை நேராக அழைக்கும் வசதியை நோட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும், பிரையன் கான்ட்ரில் போன்றவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லியும் கேட்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அந்த மேடையிலேயே டெனோ என்ற தன் புதிய ஜாவாஸ்கிரிப்ட் ஓடுகளத்தை அறிமுகப்படுத்தினார். டெனோவின் முதல் வடிவம் கோ மொழியில் இருந்தது. கோவுக்கும் ஒரு கார்பேஜ் கலெக்டர், வி8க்கும் ஒன்று. ஒரே வீட்டில் இரண்டு வேண்டாம் என்று ரஸ்டுக்கு மாறியது. டெனோ முதலில் ரஸ்ட் செருகுநிரல்களுக்கென ஒரு தனி வாசல் வைத்துப் பார்த்தது. 2021 ஆகஸ்டில் 1.13 பதிப்பில் அதை நீக்கிவிட்டு, டால் சொன்னபடியே சி லைப்ரரியை நேராக அழைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பின்னாளில் நோட்-ஏபிஐயும் டெனோவுக்குள் வந்தது. நோட்டின் ஆட்ஆன் வழியைப் பிழை என்று மேடையேறிச் சொன்னவரின் புதிய வீட்டிலும், மற்றவர்கள் திருத்தி அமைத்த அந்த வாசலுக்கு இடம் கிடைத்தது.

2023 செப்டம்பரில் 1.0 வெளியிட்ட பன் என்ற மற்றோர் ஓடுகளம் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. ஜாரட் சம்னர் அதை ஸிக் மொழியில் எழுதினார். உள்ளே வி8 இல்லை. சஃபாரி உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட்கோர். நோட்டுக்காக நோட்-ஏபிஐயில் கம்பைல் செய்த ஆட்ஆன்களைப் பன் தன் எஞ்சினில் அப்படியே ஏற்றிக்கொள்ள முடிகிறது. டோக்கனுக்குப் பின்னால் எந்த எஞ்சின் இருக்கிறது என்று ஆட்ஆனுக்குத் தெரிய வேண்டியதில்லை. சக்ராவுக்காக 2016இல் மேசையில் உட்கார்ந்தவர்கள் கேட்டது இதைத்தான்.

ரஸ்ட் வேகமானது, அதனால் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளைப் பிடித்துக்கொண்டது என்று இந்தக் காலத்தைச் சுருக்கிச் சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. சி++உம் அதே வேகம்தான், 2009 முதலே அங்கு இருந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியவை இரண்டு: தவறைக் காலையிலேயே பிடிக்கும் ஒரு கம்பைலர், நகராமல் நிற்கும் ஒரு வாசல். இரண்டில் வாசலைக் கட்டியவர்களின் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் அவர்களைப் பெயர் சொல்லி எழுதினேன்.

உங்கள் கணினியில் ஏதாவது ஒரு நோட் திட்டம் இருந்தால், அதன் தொகுப்புகள் குவிந்திருக்கும் அடைவில் '.நோட்' என்று முடிகிற கோப்புகளைத் தேடிப் பாருங்கள். கிடைத்தவற்றில் எது எந்த மொழியில் எழுதப்பட்டது என்று அந்தத் தொகுப்பின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். அடுத்த அத்தியாயம், வாசலே வேண்டாம், நேட்டிவ் நிரலை எஞ்சினுக்கு உள்ளேயே ஓட்டுவோம் என்று கிளம்பிய வெப்அசெம்ப்ளியைப் பற்றியது.